இடப்பக்கம் விழுந்தவர்

உள்ளறையில் ஏதோ தொப்பென்று விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையிலிருந்த தேநீர் தளும்பித் தட்டில் சிந்தியது.

"பயப்படாதே, அவர்தான்," என்றாள் வீட்டுக்காரி. "விழுந்து பழகுறார்."

"கட்டில்லேர்ந்தா அண்ணி?"

"கட்டில்லேர்ந்து விழறதுக்குப் பழக்கம் எதுக்கு? தூங்கினாலே போதும். இது நின்ன இடத்துலேர்ந்து. இடது பக்கமா. கீழே மெத்தை போட்டுக் கொடுத்திருக்கேன்."

மறுபடியும் தொப். சுவரில் தொங்கிய காலண்டர் ஒருமுறை ஆடி நின்றது.

"கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரலையா?"

"முதல் நாள் வந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குன்னு சொன்னதும் அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க. இப்ப சத்தம் கேக்கலைன்னாதான், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையான்னு ஆள் அனுப்புறாங்க."

வந்தவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சொல்ல வந்தது அந்த உடம்பைப் பற்றித்தான். மாடிப்படி ஏறும்போது அந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். படியில் நன்றாகத்தான் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் வரவில்லை.

அவள் சிட்டுவின் மனைவி. சிட்டு யார் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டின் காலண்டரே பதில் சொல்லும். அதில் பந்தை உதைத்துவிட்டு ஒரு காலில் நிற்கிறானே, ஒடிசலான உடம்பும் காற்றில் பறக்கும் முடியுமாக, அவன்தான் சிட்டு. ஊரே கொண்டாடிய பந்தாட்டக்காரன். அவனுக்குப் பின்னால், கோல் கம்பங்களுக்கு நடுவே, தரைக்கும் வானத்துக்கும் இடையில் படுத்தவாக்கில் மிதந்துகொண்டிருப்பவர்தான் இப்போது உள்ளறையில் விழுந்துகொண்டிருப்பவர். பந்து அவருக்கு எதிர்ப் பக்கமாக வலைக்குள் போய்க்கொண்டிருக்கும். சிட்டுவின் பெயரில் நடக்கும் அறக்கட்டளை எதை அச்சடித்தாலும் அந்தப் படம்தான். காலண்டர், பேனர், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் அவர் விழுந்துகொண்டேயிருப்பார். அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட அவருக்கு அத்தனை படம் கிடையாது.

தொழில் ஷட்டர் ரிப்பேர். கடைத்தெருவில் இழுத்தால் இறங்காத, தள்ளினால் ஏறாத இரும்பு ஷட்டர் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தகரத் தகடு, சுருள் ஸ்பிரிங், கிரீஸ் டப்பா, ஒரு மடக்கு ஏணி. நாள் முழுவதும் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நிற்கிற வேலை. இளவயதில் அவர் கோல்கீப்பர் ஆனதும் அந்தக் கைகளால்தான். கடைத்தெரு அணிக்கு ஆள் தேடியபோது, ஏணியில் நின்றுகொண்டிருந்த அவரைக் கீழேயிருந்து பார்த்த ஒருவர், "இவன் கையைத் தூக்கினா பாதி கோல் மறைஞ்சிடும்யா," என்றார். அவ்வளவுதான் தேர்வு. மீதிப் பாதியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவரைத் தாண்டிப் போன பந்துகள் ஏராளம். அவர் தடுத்தவை எல்லாம் தாமாக வந்து அவர் மேல் பட்டவை.

இறுதி ஆட்டம் ஒன்றில் கடைத்தெரு அணிக்கு எதிரே சிட்டு ஆடினான். பகலில் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் சுமக்கிற பையன். சாயங்காலம் பந்தைக் கண்டால் அவன் கால் தரையில் நிற்காது, அதனால்தான் அந்தப் பெயர். கடைசி நேரத்தில் பெனால்டி கிடைத்தது. சிட்டு ஓடி வந்தான். ஷட்டர்காரர் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போனது. அதுவும் எப்படி, மெதுவாக, தள்ளுவண்டி போகிற வேகத்தில். அவர் காற்றில் படுத்துக்கொண்டே அதைத் திரும்பிப் பார்த்ததாகவும், அது அவரைத் திரும்பிப் பார்த்ததாகவும் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

பத்திரிகையில் படம் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'இடப்பக்கம்' என்று பெயர் நிலைத்தது. ஷட்டர் சிக்கிக்கொண்டால், "போய் இடப்பக்கத்தைக் கூட்டிட்டு வா," என்பார்கள். அவரும் வருவார்.

ஊர் சிட்டுவை நேசித்தது கோல் போட்டதற்காக மட்டும் அல்ல. அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோல் போட்டதும் மற்றவர்கள் கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடுவார்கள். சிட்டு விழுந்து கிடக்கிற கோல்கீப்பரிடம் ஓடுவான். குனிந்து கையை நீட்டி, "மன்னிச்சுக்கோங்க அண்ணே," என்பான். தூக்கி நிறுத்தி, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் தன் ஆட்களிடம் போவான். கோல் விழுந்ததும் கூட்டம் கத்தாமல் அதற்காகக் காத்திருக்கும். கை நீண்ட பிறகுதான் மைதானம் இரையும்.

அன்றைக்கும் கை நீண்டது. "மன்னிச்சுக்கோங்க அண்ணே."

"பரவால்ல தம்பி," என்று எழுந்தார் இவர்.

மறுநாள் சாயங்காலம் சிட்டு அவர் கடைக்கு வந்து, ஸ்பிரிங் சுற்றிய உருளை மேல் உட்கார்ந்தான். "என்னால உங்க பேரே கெட்டுப்போச்சுண்ணே."

"கெட்டுப்போற அளவுக்கு அது என்ன பெரிய பேரா? உக்காரு. கிரீஸ் ஒட்டிக்கும், பாத்து."

"ஒண்ணு கேக்கலாமா? ஏண்ணே இடப்பக்கம் பாஞ்சீங்க? நான் வலப்பக்கம் போடப்போறேன்னு என் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சே. எங்க அம்மாவே அப்படித்தான் சொல்றாங்க."

அவர் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "வலது கையில வாட்ச் கட்டியிருந்தேன். மாமனார் போட்டது. கையுறைக்குள்ளே இருந்ததால கழட்ட மறந்துட்டேன். அந்தப் பக்கம் விழுந்தா உடைஞ்சிடுமே."

சிட்டு உருளையிலிருந்து கீழே விழுந்து சிரித்தான். அவன் சாகும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. தோற்ற நாட்களில் மட்டும் கடைக்கு வந்து, "அண்ணே, மணி என்ன?" என்று கேட்டுவிட்டு அந்த உருளை மேல் உட்கார்ந்துகொள்வான். அண்ணன் தம்பி இல்லாமல் பிறந்த அவருக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு என்று எழுதிக் காட்ட முடியாது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலை, சிட்டு பயிற்சி முடிந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஷட்டர்காரர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். தெருக்கோடியில் ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் யார் மூடுகிறார்கள் என்று நினைத்தார். அடுத்தது இறங்கியது. அதில் வலது தண்டவாளம் தேய்ந்திருக்கிறது. அதற்கடுத்தது, கிரீஸ் காய்ந்துவிட்டது. செருப்புக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை என்று சத்தம் வரிசையாக அவரை நோக்கி வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரர் கண் கலங்கி வந்து, "இறங்குய்யா, மூடணும்," என்றபோதுதான், "என்ன விஷயம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் வேலையை முடிக்கவில்லை. அந்த ஷட்டர் இன்றைக்கும் பாதியில் கொஞ்சம் இழுக்கும். துணிக்கடைக்காரர் கூப்பிடுவதில்லை, இவரும் போவதில்லை.

அறக்கட்டளையைத் தொடங்கியவள் சிட்டுவின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுவதும் அடுத்தவர் மூக்கின் மேல் சட்டத்தை வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்து, எதையும் நேராக முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவள். பந்தாடுகிற பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுப்பது, மருத்துவர்களை வரவழைத்து அவர்களுடைய இதயத்தைப் பரிசோதிப்பது, இரண்டும்தான் அறக்கட்டளையின் வேலை. அவள் போட்ட விதி ஒன்றே ஒன்று. இதயப் பரிசோதனையில் சரி என்று வராத யாரும், அது யாராக இருந்தாலும், மைதானத்தில் கால் வைக்கக் கூடாது.

முதல் வருஷ நினைவு ஆட்டத்தில் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். பந்தாட்டம் பார்க்க வந்த கூட்டத்துக்கு மௌனம் வரவில்லை. ஒருவர் இருமினார், நான்கு பேர் அவரை அதட்டினார்கள், அந்த நான்கு பேரை நாற்பது பேர் அதட்டினார்கள். ஷட்டர்காரருக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் கோலுக்குள் நின்றார். சிட்டுவின் மனைவி என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பந்தை வைத்து உதைத்தாள். அது வலப்பக்கம் உருண்டது. அவர் இடப்பக்கம் பாய்ந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சிட்டு அங்கே இருந்தான். மைதானம் முழுவதும் அழுதது.

அன்றிலிருந்து வருஷாவருஷம் இடைவேளையில் அந்தப் பெனால்டி நடக்கும். யாராவது ஒரு பெரிய மனிதர் வலப்பக்கம் உதைப்பார். இவர் இடப்பக்கம் விழுவார். விழுந்ததும் உடனே எழ மாட்டார், கொஞ்ச நேரம் கிடப்பார். மற்றவர்கள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும், அவர் ஒரு கைக்காகக் காத்திருக்கிறார் என்று. கை வராது. அப்புறம் தானே எழுந்து, தானே மண்ணைத் தட்டிக்கொண்டு வருவார்.

போன வருஷம்தான் ஒரு கோளாறு நடந்தது. உதைக்க வந்தவர் ஒரு பெரிய அதிகாரி. மைக் பிடித்தவர், "வலது பக்கம் உதைங்க சார்," என்றார். மைக் பிடித்தவர் பழைய கோல்கீப்பர், அதனால் கோலுக்குள் நிற்பவரின் வலதைச் சொன்னார். அதிகாரி தன்னுடைய வலதை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பந்து நேராக, விழுந்துகொண்டிருந்தவரின் கைக்குள் வந்து சேர்ந்தது. வாழ்நாள் முழுக்க வராத பந்து. கை தானாகப் பிடித்துக்கொண்டது.

எத்தனையோ வருஷமாக வராத அந்த ஒரு நிமிட மௌனம் அன்றைக்கு வந்தது.

அவர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார். பிறகு எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பந்தைத் தன் கையாலேயே வலைக்குள் போட்டார். அது இன்னும் மோசமாகிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏன்யா, செத்தவன் கோலையுமா தடுப்பே?"

சொன்னவன் வேடிக்கைக்காகச் சொன்னான். பத்துப் பேர் சிரித்தார்கள். இவருக்கு அது நெஞ்சில் இறங்கித் தங்கிவிட்டது. இந்த வருஷம் சரியாக விழுந்து அந்தப் பிடியை அழித்துவிட வேண்டும். பந்து தப்பித் தவறிக் கைப்பக்கம் வந்தாலும் பிடித்துவிடாமல் விழ வேண்டும். அதற்குத்தான் மெத்தை. பந்தைப் பிடிக்கப் பயிற்சி எடுத்த கோல்கீப்பர்கள் உலகத்தில் நிறைய. விடுவதற்குப் பயிற்சி எடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

தொப்.

"இன்னைக்கு நல்லா விழறார்," என்றாள் அவர் மனைவி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு. "நேத்து முழங்கால் முதல்ல பட்டுச்சு."

"அண்ணி, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அவர் வந்தார். ஐம்பதைத் தாண்டி நெடுநாளான உடம்பு. பனியன் வியர்த்திருந்தது. இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வா தங்கச்சி. ஞாயித்துக்கிழமை யார் உதைக்கிறாங்க? யாரா இருந்தாலும் யார் வலதுன்னு முன்னாலயே சொல்லி வெச்சிடு. சுண்ணாம்பால அம்புக்குறி போட்டாலும் தப்பில்ல."

"இந்த வருஷம் நீங்க விழ வேண்டாம் அண்ணே."

வாக்கியம் கடைசியில் வந்துவிட்டது. படியில் சொல்லிப் பார்த்தது போல மென்மையாக வரவில்லை.

அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "போன வருஷத்துக்காகவா?"

"இல்லண்ணே."

"வேணும்னு பிடிக்கல தங்கச்சி. சத்தியமா. கை தானா..."

"அதுக்காக இல்லண்ணே. டாக்டர் எனக்கு போன் பண்ணார்."

மனைவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த டாக்டர்?"

நடந்தது இதுதான். சென்ற வாரம் அறக்கட்டளையின் இதய முகாமில், நெஞ்சில் ஒயர் ஒட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து அழுதார்கள். "இதுல என்னடா பயம், மாமாவைப் பாருங்க," என்று ஷட்டர்காரர் சட்டையைக் கழற்றிப் படுத்துக் காட்டினார். அது வெறும் மாதிரி என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டது. மருத்துவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, அவரைத் தனியே அழைத்து, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஏணி ஏறாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்றார். "விழலாமா டாக்டர்?" என்று கேட்டார் இவர். மருத்துவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததை அனுமதி என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காத்திருந்து பார்த்த மருத்துவர், பேனரில் இருந்த எண்ணுக்கு போன் செய்தார். அது சிட்டுவின் மனைவியின் எண்.

ஷட்டர்காரரின் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. கணவரை மட்டும் பார்த்தாள். "ஒரு வாரமா நெஞ்சுல அடைப்பை வெச்சுக்கிட்டா இந்த வீட்டை இடிச்சீங்க?"

"இடிக்கல. மெத்தை மேலதான்..."

"மெத்தையைப் போட்டுக் கொடுத்தது நான். என் கையால போட்டுக் கொடுத்தேன். ரெண்டு தலைகாணி வேற." அவள் குரல் அங்கே உடைந்தது. உடனே ஒட்டிக்கொண்டது. "உக்காருங்க முதல்ல."

அவர் உட்காரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வெச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை போயிடும். இது ஒண்ணே ஒண்ணு விழுந்துட்டு, திங்கக்கிழமை காலையில நானே போறேன். யாரும் கூட வர வேணாம். திங்கக்கிழமை."

சிட்டுவின் மனைவி எழுந்து நின்றாள். கடையில் சட்டம் சரிபார்ப்பது போல அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவரும் திங்கக்கிழமைன்னுதான் சொன்னார்."

பார்வையை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"நெஞ்சு என்னவோ பண்ணுதுன்னு வெள்ளிக்கிழமை சொன்னார். டாக்டர்கிட்ட போலாம்னேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, முடிச்சிட்டு திங்கக்கிழமை போலாம்னார். சனிக்கிழமை பிராக்டிஸ்." அவள் கண் ஒருமுறை காலண்டருக்குப் போய்த் திரும்பியது. "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லண்ணே. இந்த டிரஸ்டே அதுக்குத்தான். யாரும் திங்கக்கிழமைன்னு சொல்லக் கூடாதுன்னுதான்."

அவர் உள்ளறைக்குப் போய் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் மெத்தை விரித்திருந்தது. இரண்டு முக்காலிகள் கோல் கம்பங்களாக நின்றன. ஒன்றின் மேல் அவருடைய வாட்ச் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. இந்த முறை மறக்கவில்லை.

"வேற யாராவது கோல்ல நிக்கட்டும் அண்ணே. ஆளா இல்ல?"

"நிக்கறதுக்கு ஆள் இருக்கு. விழறதுக்கு யார் இருக்கா?" என்றார். "வயசுப் பசங்களை நிறுத்தினா பிடிச்சுத் தொலைச்சிடுவானுங்க. சும்மா நின்னு பாத்துட்டு இருந்தா அது கோலே இல்ல தங்கச்சி. விழுந்து தவறினாத்தான் அவன் போட்டது கோல். யாரும் விழலைன்னா அவன் காலி வலையில உதைச்ச மாதிரி ஆயிடும். நான் பிடிச்சிட்டேன்ல, அது அப்படியே நிக்கக் கூடாது."

"நான் விழறேன்," என்றாள் மனைவி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? ஒரு மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். தோள், இடுப்பு, முழங்கால். மனப்பாடம். டாக்டர் போன வருஷ முகாம்லயே என் நெஞ்சைப் பாத்து, இன்னும் ரெண்டு பேரைத் தாங்கும்னு சொல்லிட்டார். தள்ளுங்க."

"உனக்கு என்ன தெரியும், இது..."

"பந்தைப் பிடிக்கத்தான் தெரியாது. அது ரொம்ப நல்லதாச்சே."

அவர் மெத்தையின் ஓரத்துக்கு நகர்ந்தார். அவள் முக்காலிகளுக்கு நடுவே போய் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி இடப்பக்கம் விழுந்தாள். காலண்டர் கூடத்தில் ஆணியை விட்டுக் கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

"தோள் முதல்ல பட்டுச்சா?" என்று கேட்டார் ஷட்டர்காரர்.

"மொத்தமா பட்டுச்சு."

"கண்ணை மூடாதே. பந்து போறதைத் திரும்பிப் பாக்கணும். கொஞ்சம் ஆசையா பாக்கணும்."

"பந்தை ஆசையா பாக்கணுமா? உங்களை அப்படிப் பாத்தே எத்தனை வருஷமாச்சு."

கீழ் வீட்டிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது. "அண்ணே! புதுசா எந்தப் பக்கம் விழறீங்க? சத்தம் வேற மாதிரி இருக்கே!"

"அதே பக்கம்தான்!" என்று கத்தினாள் மனைவி, படுத்தபடியே. "ஆள் மட்டும் வேற!"

சிட்டுவின் மனைவி சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்க அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஷட்டர்காரர் சிரிக்கவில்லை. மெத்தை ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வலைக்குள் போன பந்தைப் பார்ப்பவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தால் ஆஸ்பத்திரி. எழாமல் இருக்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை இன்னும் அவருடையது.

சிட்டுவின் மனைவி அவர் முன்னால் போய்க் குனிந்தாள். கையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே."

அந்தச் சொல்லை அவர் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. யாரும் சொல்லத் துணிந்ததில்லை. நீண்டிருந்த கையை வெகுநேரம் பார்த்தார். வருஷாவருஷம் அவர் மண்ணில் கிடந்து காத்திருந்த கை, கடைசியில் அவர் வீட்டு உள்ளறைக்கே வந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக் கை. விரல் நுனியில் சின்னத் திருப்புளி அழுத்திய தழும்பு.

"பரவால்ல," என்றார். கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் அவருடைய முதுகைத் தட்டிவிட்டாள். மண் எதுவும் இல்லை. இருந்தாலும் தட்டினாள்.

"டாக்டர் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். கீழே கார் நிக்குது. கூட்டிட்டுதான் வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"வர மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"நானும் மெத்தை மேல உக்காந்திருப்பேன்."

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை எல்லாம் ஒரு பைக்குள் போனது. அறக்கட்டளைப் பை. அதிலும் அவர் விழுந்துகொண்டிருந்தார். முக்காலி மேலிருந்த வாட்சை எடுத்து அவர் வலது கையில் அவளே கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை யார் உதைக்கிறாங்க?" என்று கேட்டார் அவர், பட்டன் போட்டுக்கொண்டே.

"நான்தான் அண்ணே. முதல் வருஷம் மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"யாரோட வலது?"

"அண்ணியோட வலது."

அவர் தலையசைத்தார். "விழுந்ததும் உடனே எந்திரிக்க விடாதே அவளை. கொஞ்ச நேரம் கிடக்கட்டும். அப்புறம் போய்த் தூக்கிடு. சொல்ல வேண்டியதைச் சொல்லு. கூட்டம் அதுக்குத்தான் நிக்கும்."

"சரிண்ணே."

சிட்டுவின் மனைவி முதலில் வெளியே போய், ஒரு படி இறங்கி நின்று, அவருக்காகக் கை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசியாக வந்த மனைவி கதவை இழுத்தாள். கடைத்தெருவில் அத்தனை ஷட்டருக்கும் கிரீஸ் போட்டவரின் வீட்டுக் கதவு, படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி கிறீச்சென்றது.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "இதுக்கு கிரீஸ் போடணும்."

"திங்கக்கிழமை வந்து போடுங்க," என்றாள் அவள், கதவைச் சாத்தியபடி.